கணவாய் ஓடும் நத்தை முட்டையும்

“மாமா, நத்தைக்க முதுகு வெளுத்துப் போச்சு. சீக்கா?”

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு போத்தலில் அதைக் கொண்டுவந்தபோது ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வளர்ப்பு மீன் கடைகளில் விற்கும் மஞ்சள் ஆப்பிள் நத்தை. ஓட்டின் சுருள் தொடங்கும் நுனியில், காரை உதிர்ந்த சுவர்போல வெள்ளைக் குழிகள். நோய் ஒன்றுமில்லை, ஓடு தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

நத்தை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கோழிமுட்டை ஓட்டில் இருப்பதும் அதேதான். முட்டையை வினிகரில் போட்டால் குமிழிவிட்டு ஓடு இளகுவதைப் பள்ளியில் பார்த்திருப்போம். மீன் தொட்டி நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7-க்குக் கீழே இறங்கினால் அதே வேலை மெதுவாக நடக்கிறது. நம் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லுமான நிலத்தில் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது, லேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. மழைநீரோ காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால் அதன் பி.எச். 5.6 அளவில் இருக்கும். நம் மாவட்டத்துக்கோ ஆண்டில் இரண்டு பருவமழை. போதாததற்கு, மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் தண்ணீரை நாளடைவில் அமிலமாக்கும்.

ஓட்டின் வாய் விளிம்பை ஒட்டி ‘மேன்டில்’ என்ற தசை மடிப்பு உண்டு. அதுதான் தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும் கிடைக்கும் கால்சியத்தைக் கொண்டு ஓட்டை நீட்டிக்கொண்டே போகிறது. ஓட்டின் மேல் ஒரு மெல்லிய புரதப் படலம் காவல். நுனிதான் குட்டிப் பருவத்து ஓடு என்பதால் அங்கே படலம் முதலில் தேயும், அரிப்பும் அங்கேயே தொடங்கும். அரித்த நுனி வெளிப்பக்கம் பழையபடி ஆகாது. அதனால் நத்தையின் நலம் அறிய நுனியைப் பார்ப்பதைவிட வாய் விளிம்பைப் பார்ப்பதே சரி. அங்கே புது ஓடு தடிப்பாக, வழவழப்பாக வளர்ந்தால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று பொருள்.

இதற்கு மருந்து நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கணவாய் மீனுக்குள் இருக்கும் வெள்ளை ஓடு சுத்தமான கால்சியம் கார்பனேட் என்றே சொல்லலாம். சித்த மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிவிட்டுத் தொட்டியில் போட வேண்டும். கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறையிலிருந்து பறிக்கும் சிப்பியின் ஓட்டையும் வேகவைத்து நொறுக்கி வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வைக்கலாம். இவற்றில் எனக்குப் பிடித்த குணம், அளவு தாண்டாமை. தண்ணீர் அமிலமாக இருக்கும்வரை வேகமாகக் கரையும். அமிலம் அடங்க அடங்கக் கரைவதும் தணியும். வெற்றிலைச் சுண்ணாம்பு அப்படியல்ல. அது ஒரே வீச்சில் பி.எச்.சை ஏற்றி மீனையும் நத்தையையும் கொன்றுவிடும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

பாசி மட்டும் நத்தைகளுக்குப் போதாது. லேசாக வேகவைத்த முருங்கைக்கீரையும் வெள்ளரித் துண்டும் போடலாம். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

செம்பு விஷயத்தில் மிகக் கவனம் தேவை. நத்தையின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் செம்பு இருக்கிறது. ஆனாலும் தண்ணீரில் செம்பு கரைந்திருந்தால் செவுளும் உடலின் உப்புச் சமநிலையும் கெட்டு நத்தை சாகும். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கான மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. ரப்பர் மரத்துக்குத் துரிசும் (அதுவும் செம்பு உப்புதான்) சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்களே, அந்த வாளியில் தொட்டிக்குத் தண்ணீர் மொள்ளவே கூடாது.

இனி முட்டை. ஆப்பிள் நத்தையில் ஆணும் பெண்ணும் தனித்தனி. நாலைந்து நத்தைகளாக வாங்கினால் இரண்டும் அமைய வாய்ப்பு அதிகம். இணைந்த பெண் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைக்கும். அதனால் தனியாக வாங்கி வந்த நத்தையும் திடீரென முட்டையிடுவது உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஹீட்டர் தேவையில்லை. தேவை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் வெற்றிடமும், தப்பி ஏறாமல் இருக்க ஒரு மூடியும்தான்.

இரவில் பெண் நத்தை தண்ணீரை விட்டு மேலே ஏறி, இளஞ்சிவப்பு முட்டைகளைக் கண்ணாடியில் கொத்தாக ஒட்டும். செவுளோடு நுரையீரல் போன்ற அறையும் இருப்பதால் வெளியே வர அதற்குத் தடையில்லை. மேலே இட்டால் மீன் தின்னாது, ஆக்சிஜனும் தாராளம். முட்டை உறையும் கால்சியத்தால் ஆனது. கால்சியம் போதாத தாய்க்கு முட்டையிடுவதே பெரும் செலவு. கொத்து தண்ணீருக்குள் விழுந்தால் கரு மூச்சுமுட்டிச் சாகும், காய்ந்தாலும் போச்சு. மூடியடியில் நிற்கும் ஈரமே போதும். இரண்டு மூன்று வாரத்தில் கொத்து வெளிறி, கடுகளவு குட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் உதிரும்.

எல்லா நத்தையும் இப்படியல்ல. ஆட்டுக்கொம்பு நத்தை இருபாலி. நீருக்குள்ளேயே ஜெல்லி முட்டையிட்டுத் தானாகவே பெருகும். நெரைட் நத்தை கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளியாக முட்டை வைத்தாலும் நன்னீரில் குஞ்சு வளராது. பழையாறு கடலில் சேரும் மணக்குடி காயல் போல உப்பு கலந்த நீர் அதன் இளம்பருவத்துக்கு வேண்டும்.

ஒரு கொத்தில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். மிஞ்சியதைக் குளத்தில் விடலாம் என்று தோன்றும், கூடாது. இது தென்னமெரிக்க நத்தை. இதன் நெருங்கிய உறவான இன்னொரு ஆப்பிள் நத்தை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குப் போய், பிறகு தென்கிழக்கு ஆசியாவின் நெல்வயல்களை நாசமாக்கியது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குச் சொந்தமாக ஒரு ஆப்பிள் நத்தை ஏற்கெனவே உண்டு. ஈரமண்ணில் முட்டையிட்டு, கோடையில் சேற்றுக்குள் உறங்கும். நத்தைகுத்தி நாரைக்கு இரையாவதும் அதுதான். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு நம் தொட்டியிலிருந்து ஒரு குட்டிகூடப் போகக்கூடாது. வேண்டாத கொத்தைக் கத்தியால் பெயர்த்து, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிட்டு உரக்குழியில் போடுங்கள்.

பையனின் நத்தைக்கு நுனி இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. வாய் விளிம்பில் மட்டும் நகக்கண் அகலத்துக்குப் புது மஞ்சள் ஓடு.