ரிக்ரஷன்: அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படி சொல்றது

எஸ்பிஎஸ்எஸ், ஜாஸ்ப், ஜமோவின்னு புள்ளியியல் சாஃப்ட்வேர் எதைத் திறந்தாலும் மெனுவுல ரிக்ரஷன்னு ஒரு வார்த்தை இருக்கும். ஒரு வரி கோடிங் தெரியாதவங்க கூட இப்ப இதை தினமும் கிளிக் பண்றாங்க, கடை கணக்கு பாக்குறவங்க, மார்க்கெட்டிங்ல இருக்கவங்க, எம்பிஏ படிக்கிற பசங்கன்னு எல்லாரும். ஆனா அதைத் தமிழ்ல எழுதணும்னு வந்தா கூகுள்ல போட்டு பின்னடைவுன்னு எடுத்து அப்படியே ஒட்டிடறாங்க. "விற்பனையின் பின்னடைவு பகுப்பாய்வு"ன்னு ரிப்போர்ட் தலைப்பைப் பாத்தா முதலாளி என்ன நினைப்பார், வியாபாரம் படுத்துடுச்சுன்னுதானே.

முதல்ல அர்த்தம். ஒரு விஷயம் மாறும்போது இன்னொண்ணு சராசரியா எவ்வளவு மாறுதுன்னு கணக்கு போட்டு ஒரு கோடு வரையறதுதான் ரிக்ரஷன். மதுரையில ஒரு கூல்டிரிங்ஸ் கடைன்னு வச்சுக்கோங்க, எக்செல்ல ஒரு காலம்ல அன்னைக்கு வெயில் எத்தனை டிகிரி, பக்கத்து காலம்ல எத்தனை பாட்டில் போச்சு. ரெண்டையும் செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் சார்ட் போட்டா புள்ளி புள்ளியா வரும், ஒரு புள்ளி மேல ரைட் கிளிக் பண்ணி ட்ரெண்ட்லைன் குடுத்து, சமன்பாட்டைக் காட்டுன்னு கீழ இருக்க டிக்கையும் போட்டா உதாரணத்துக்கு y = 12x − 210ன்னு வருதுன்னு வைங்க. வெயில் ஒரு டிகிரி ஏறினா சராசரியா 12 பாட்டில் கூடப் போகுது, 35 டிகிரி அன்னைக்கு சுமார் 210 பாட்டில் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான் விஷயம். ஜாஸ்ப்ல இதே வேலைக்கு விற்பனையை டிபெண்டன்ட் வேரியபிள் பெட்டியிலயும் வெயிலை கோவேரியேட் பெட்டியிலயும் இழுத்துப் போட்டா போதும், பக்கத்துலயே டேபிள் வந்துடும். ஜேஎம்பிங்கற இன்னொரு சாஃப்ட்வேர்னா மெனுவுல ஃபிட் ஒய் பை எக்ஸ்.

இதே சமன்பாட்டை ஊட்டியில புதுசா திறக்கப்போற கிளைக்கு எடுத்துட்டுப் போய் 12 டிகிரின்னு போட்டீங்கன்னா மைனஸ் 66 பாட்டில்னு சொல்லும். சாஃப்ட்வேர் மேல தப்பில்ல, அது 30லருந்து 40 டிகிரி வரைக்கும் பாத்த டேட்டாவுக்குக் கோடு போட்டுச்சு, அந்த எல்லைக்கு வெளிய என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியாது. இந்த மாதிரி மவுஸ்ல கிளிக் பண்ற டூல்கள்ல கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன், கோடு போடறது சுலபமாயிடுச்சு, அந்தக் கோடு எதுவரைக்கும் செல்லும்னு நாமதான் பாக்கணும்.

சரி, இதுல எங்க பின்னாடி போறது? எதுவுமே பின்னாடி போகலையே, அப்புறம் ஏன் இந்தப் பேரு?

லத்தீன்ல ரெக்ரெடின்னா பின்னோக்கி அடி வைக்கறதுன்னு அர்த்தம், அதுலருந்துதான் ரிக்ரஷன். புள்ளியியலுக்குள்ள இதைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்துக்காரர் ஃப்ரான்சிஸ் கால்டன், டார்வினோட உறவுக்காரர். முதல்ல அவர் பட்டாணிக் குடும்பத்துப் பூச்செடியான ஸ்வீட் பீயிலதான் ஆரம்பிச்சார். ஸ்வீட் பீ விதையை ஏழு அளவா பிரிச்சு நண்பர்கள்கிட்ட குடுத்து விதைக்கச் சொன்னார், அந்த நண்பர்கள்ல டார்வினும் ஒருத்தர். பெரிய விதையிலருந்து வந்த விதைகள் பெருசாத்தான் இருந்துச்சு, ஆனா அம்மா விதை அளவுக்குப் பெருசா இல்ல, சராசரி பக்கமா நகர்ந்திருந்துச்சு. 1877ல இதுக்கு ரிவர்ஷன்னு பேர் வச்சார், பின்னாடி மனுசங்க உயரத்தை எடுத்துப் பாத்தப்பதான் ரிக்ரஷன்னு மாத்தினார். 1886ல வந்த அந்தக் கட்டுரையில 205 ஜோடி பெற்றோர், அவங்களோட வளர்ந்த பிள்ளைங்க 928 பேர். பெண்கள் உயரத்தை 1.08ஆல பெருக்கி ஆண்கள் அளவுக்குக் கொண்டுவந்து, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு சராசரி எடுத்துப் பாத்தா, பெற்றோர் சராசரி ஊர் சராசரியை விட 3 அங்குலம் கூட இருந்தா பிள்ளைங்க சுமார் 2 அங்குலம்தான் கூட இருந்தாங்க. அதாவது மூணுல ரெண்டு பங்கு. மீதி ஒரு பங்கு சராசரியைப் பாத்துத் திரும்பிடுது. அந்தத் திரும்பறதுதான் ரிக்ரஷன். (இதே கால்டன்தான் யூஜெனிக்ஸ்னு மனுசங்களை ரகம் பிரிக்கிற கொள்கைக்கும் பேர் வச்சவர், அதையும் மறக்கக்கூடாது.)

ஆனா கோடு போடற கணக்கு அவருக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. மீச்சிறு வர்க்க முறையை, அதாவது புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களோட வர்க்கங்களைக் கூட்டினா மிகக் குறைவா வர்ற மாதிரி கோடு போடறதை, கணித மேதை லெஜாந்தர் 1805லயே வெளியிட்டார், வால்மீன் போற பாதையைக் கணக்கு பண்றதுக்காக, 1809ல இன்னொரு கணித மேதை காஸும் எழுதினார். அவங்க யாரும் அதை ரிக்ரஷன்னு சொல்லல. 1897ல புள்ளியியலாளர் அட்னி யூல்தான் கால்டனோட வார்த்தையையும் இந்த மீச்சிறு வர்க்கக் கணக்கையும் ஒண்ணா சேத்தார். ஒரு குறிப்பிட்ட விளைவுக்கு வச்ச பேர் அப்படியே ஒரு பொது முறைக்குப் பேராயிடுச்சு, இன்னைக்கு நம்ம மெனுவுல இருக்கது அதுதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல தொடர்புப் போக்குன்னு இருக்கும். இலங்கைப் பாடத்திட்டத்துல பிற்செலவு. செலவுன்னா பழைய தமிழ்ல போறது, பயணம், அகப்பாட்டுல தலைவன் செலவு அழுங்கினான், அதாவது கிளம்பாம தயங்கி நின்னான்னு வர்ற அதே செலவு, அதனால பிற்செலவு லத்தீன் சொல்லுக்கு நேர் நேரா பொருந்தி நிக்குது, கட்டமைப்புல ரொம்ப அழகான சொல். ஆனா வியாபாரக் கணக்குக்கு நடுவுல அதைப் பாக்குறவங்க பின்னாடி வரப்போற செலவுன்னுதான் படிப்பாங்க, விளம்பரச் செலவு பிற்செலவுன்னு ஒரே வரியில வந்தா குழப்பம் நிச்சயம். அதனால என் ஓட்டு தொடர்புப் போக்குக்குத்தான், அது பேர் வந்த கதையை விட்டுட்டு முறை என்ன செய்யுதுன்னு சொல்லுது, எதோட தொடர்பு, எப்படிப் போகுது. பின்னடைவுங்கறதை சாஃப்ட்வேர் சோதனையில வர்ற ரிக்ரஷன் டெஸ்டிங்குக்கு வச்சுக்கலாம், புது மாற்றத்தால பழைய வேலை கெட்டுப்போச்சான்னு பாக்குற அந்த இடத்துல அது சரியாவே பொருந்தும்.

கால்டன் பாத்த அந்த விளைவுக்கு மட்டும் தனியா சராசரிக்குத் திரும்புதல்னு சொல்லணும், ரெண்டையும் ஒரே சொல்லுல அடைக்கக்கூடாது. வியாபாரத்துல ஆளுங்க அதிகமா ஏமாறது இங்கதான். 20 கிளை இருக்கு, போன மாசம் ரொம்ப மோசமா பண்ண 3 கிளைக்கு ட்ரெயினிங் குடுக்கறாங்க, இந்த மாசம் மூணும் ஏறுது, உடனே ட்ரெயினிங் வேலை செஞ்சிடுச்சுன்னு ஸ்லைடு ரெடி. மழை, பக்கத்துல ரோடு வெட்டினது, கேஷியர் லீவுன்னு கெட்ட நேரமும் சேர்ந்துதான் அந்த மூணையும் கடைசிக்குத் தள்ளியிருக்கும், அது விலகினா ட்ரெயினிங் இல்லாமலே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். போன மாசத்தை எக்ஸ்லயும் இந்த மாசத்தை ஒய்லயும் வச்சு எல்லா கிளைக்கும் ட்ரெண்ட்லைன் போட்டுப் பாருங்க, சாய்வு, அதாவது சமன்பாட்டுல xஐப் பெருக்குற எண், 1க்குக் கீழ 0.6, 0.7ன்னு வந்தா கால்டன் பாத்ததையேதான் நீங்களும் பாக்குறீங்க. ட்ரெயினிங் உண்மையிலேயே உதவுச்சான்னு தெரியணும்னா மோசமா இருக்க கிளைகள்லயே சிலதைக் குலுக்கல்ல எடுத்து ட்ரெயினிங் குடுக்காம விட்டு ரெண்டு பக்கமும் எவ்வளவு ஏறுதுன்னு ஒப்பிடணும்.

கூட வர்ற சொற்கள்ல ஒய் பக்கம் இருக்கது சார்ந்த மாறி, எக்ஸ் பக்கம் சாரா மாறி, புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்க வித்தியாசம் எச்சம். மல்டிபிள் ரிக்ரஷனைப் பன்மாறித் தொடர்புப் போக்குன்னு எழுதலாம். ரிப்போர்ட்ல தலைப்பு "வெயிலைச் சார்ந்து பாட்டில் விற்பனையின் தொடர்புப் போக்கு"ன்னு இருந்தா எது எதைச் சார்ந்ததுன்னு தலைப்புலயே வந்துடுது, ஜாஸ்ப் டேபிளை அதுக்குக் கீழ அப்படியே ஒட்டிக்கலாம்.