பியூமோல்: நகரத்துக்கும் ஒரு வழக்கு

நோர்வேக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பேச்சைப் பற்றிச் சொல்லும்போது ‘டியாலெக்ட்’ என்பார். அந்த ஊர் நகரமாக இருந்தால் ‘பியூமோல்’ என்ற சொல்லும் வரும். டியாலெக்ட் என்பதைக் ‘கிளைமொழி’ என்று எழுதுவது நம் மொழியியல் நூல்களின் பழக்கம். நோர்வேயைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் பொருந்தாது என்பது என் எண்ணம். அதற்கான காரணம் ‘மோல்’ என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது.

இன்றைய நோர்வே மொழியில் மோல் என்றால் பேச்சு. அளவும் மோல்தான், இலக்கும் மோல்தான், கால்பந்தில் போடும் கோலும் மோல்தான். நிலத்தை அளக்கும்போது ஒரு மோல் என்பது 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பேச்சைக் குறிக்கும் மோலுக்கும் அளவைக் குறிக்கும் மோலுக்கும் வேர் வேறு. ஒலி மாறி மாறி இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன.

பேச்சு என்ற மோலுக்கு, நோர்வே மொழியின் மூதாதையான பழைய நார்ஸில் வடிவம் ‘மால்’. அதற்குப் பேச்சு என்ற பொருளோடு, நியாயம் கேட்டுத் தொடுக்கும் வழக்கு என்ற பொருளும் இருந்தது. இன்னும் பின்னால் போனால் அவை, கூட்டம் என்று பொருள்படும் ஒரு பழைய ஜெர்மானிய வேரில் போய் நிற்கும். இது வியப்பில்லை. அந்தக் காலத்தில் ‘திங்’ என்ற அவை கூடும். தகராறுகளை அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். (நோர்வே நாடாளுமன்றத்தின் பெயர் இன்றும் ‘ஸ்டோர்திங்’, அதாவது பேரவை.) பேசுவதும் வழக்காடுவதும் ஒரே இடத்தில் நடந்தன. நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்குக்கு இப்போதும் ‘ஸோக்ஸ்மோல்’ என்றுதான் பெயர்.

இந்த இடத்துக்கு வந்ததும் தமிழ் வாசகருக்கு ஒரு சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. வழக்கு. ‘வழங்கு’ என்பதிலிருந்து பிறந்த சொல். மக்களிடம் வழங்குகிற பேச்சும் வழக்கு, நீதிமன்றத்தில் நடப்பதும் வழக்கு. தொல்காப்பியப் பாயிரமே “வழக்கும் செய்யுளும்” என்றுதான் மொழியைப் பார்க்கிறது. மோலுக்கும் வழக்குக்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை. ஆனாலும் ஒன்றின் பொருள் விரிந்த தடத்திலேயே மற்றதன் பொருளும் விரிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு பொருத்தம் அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்ததை விட்டுவிடக் கூடாது. ‘தாலெமோல்’ பேச்சு வழக்கு. ‘பூக்மோல்’ நூல் வழக்கு. ‘பூக்’ என்றால் புத்தகம். பியூமோல் நகர வழக்கு.

‘பியூ’ பற்றியும் ஒரு வரி. இன்று அதற்கு நகரம் என்று பொருள். பழைய நார்ஸில் அது ஒரு பண்ணை, குடியிருப்பு அவ்வளவுதான். குடியிருத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் டெர்பி, விட்பி என்று முடிகிற ஊர்ப்பெயர்களில் இருக்கும் ‘பி’யும் இதுதான்; வைக்கிங்குகள் விட்டுச் சென்றது.

சரி, கிளைமொழி ஏன் ஆகாது? கிளை என்றால் அடிமரம் ஒன்று வேண்டும். நோர்வேயில் பேச்சுக்கு அப்படி ஓர் அடிமரம் கிடையாது. 1814 வரை பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்ததால் எழுத்து டேனிய மொழியில் இருந்தது. பேச்சு ஊருக்கு ஊர் தன் வழியில் போனது. மொழியியலாளர் ஈவார் ஓசன் 1842 முதல் 1846 வரை ஊர் ஊராக அலைந்து வழக்குகளைச் சேகரித்தார். அவற்றைக் கொண்டு அவர் அமைத்த எழுத்துமொழிதான் இன்றைய நியூநோர்ஷ்க். டேனிய எழுத்திலிருந்து மெல்ல மாறி வந்தது பூக்மோல். 1885ல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை கொடுத்தது. 1929ல் இந்தப் பெயர்கள் வந்தன. ஆக எழுத்துக்கு இரண்டு தர வடிவங்கள் உண்டு. பேச்சுக்கு அதிகாரபூர்வமான தர வடிவம் ஒன்றுகூட இல்லை. பள்ளியில் கூடியவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சு வழக்கிலேயே கற்பிக்க வேண்டும் என்று 1878லேயே நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இன்று நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவரவர் ஊர் வழக்கில்தான் பேசுகிறார்கள். அதை யாரும் கொச்சை என்று சொல்வதில்லை.

‘நான்’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். ஒஸ்லோவில் ‘யை’. பெர்கனில் ‘எக்’. ரூம்ஸ்டாலில் வெறும் ‘ஈ’. டிரொண்டைமிலும் வடக்கிலும் ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே ஓர் ஒற்றை உயிர். 1980களில் ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஈழத் தமிழர்கள் இறங்கியது இந்த வடக்கில்தான். பாடப்புத்தகத்தில் ‘யை’ இருக்கும். பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவர் வாயில் அந்த ஒற்றை உயிர் வரும்.

இந்த வேறுபாடுகளுக்கு ‘வட்டார வழக்கு’ என்ற நம் சொல் நன்றாகவே பொருந்தும். ‘திசைச்சொல்’ என்பதைச் சிலர் நினைக்கலாம். அது சொல்லை மட்டும் குறிப்பது. மோலில் சொல்லோடு ஒலியும் இலக்கணமும் பேச்சின் இராகமும் அடங்கும். ஆனால் வட்டார வழக்கு என்றதும் நம் மனதில் வருவது கிராமம். ஓசனுக்கும் அப்படித்தான். பழைய மொழி மலைச்சரிவுகளிலும் மேற்குக் கரையிலும்தான் கலப்பில்லாமல் இருக்கிறது என்று நம்பினார். நகரப் பேச்சை அவர் தன் அடித்தளமாகக் கொள்ளவில்லை. நகரத்தின் பேச்சையும் அதே அக்கறையோடு கேட்டவர் மொழியியலாளர் அமுண்ட் பி. லார்சன். ஒஸ்லோ அப்போது கிறிஸ்தியானியா. அந்நகரத்தின் பியூமோலை விவரித்து 1907ல் அவர் நூல் வெளியிட்டார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து பெர்கன், ஸ்டவாங்கர் நகரங்களின் வழக்கையும் எழுதினார். பியூமோல் ஓர் ஆய்வுச் சொல்லாக நிலைபெற்றதில் இந்த உழைப்புக்குப் பெரிய பங்குண்டு என்று நினைக்கிறேன்.

நகரத்தின் பேச்சு வெறும் கலப்படம் அல்ல, அதற்கும் ஒழுங்கு உண்டு என்பதற்கு பெர்கன் நல்ல சாட்சி. நோர்வேயின் பெரும்பாலான வழக்குகளில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால். பெர்கனில் பெண்பால் மறைந்து இரண்டுதான் மிச்சம். பல ஊர்களில் ‘அந்தப் புத்தகம்’ என்பதற்கு ‘பூக்கா’ என்றால் பெர்கன்காரர் ‘பூக்கென்’ என்பார். 14ஆம் நூற்றாண்டு முதல் ஹான்சா என்ற வட ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் அங்கே தங்கி, தங்கள் கீழ்ஜெர்மன் மொழியில் வியாபாரம் செய்ததன் விளைவு இது என்று மொழியியலாளர் பலர் விளக்குகிறார்கள்.

ஒஸ்லோவில் எல்லை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. கிழக்குப் பக்கம் உழைப்பாளிகள், மேற்குப் பக்கம் வசதியானவர்கள். ‘எறிந்தான்’ என்பது பழைய கிழக்கில் ‘கஸ்டா’, மேற்கில் ‘கஸ்டெட்’. கிழக்கில் ‘தடித்த ல’ என்று ஓர் ஒலி உண்டு. ‘பாடு’ என்று சொல்கையில் நம் நாக்கு மடிந்து மேலே தட்டுகிறதே, கிட்டத்தட்ட அது. சூரியனைக் குறிக்கும் ‘ஸூல்’ என்ற சொல்லின் கடைசியில் அந்த ஒலி வந்தால் எந்தத் தெருப் பிள்ளை என்று ஒரு காலத்தில் சொல்லிவிடலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒட்டாவும் டிஸ்ஸெடாலும். ஹார்டாங்கர் பகுதியில் ஒரே ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல் கை) கரையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தொழில் ஊர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின்சாரத்தையும் ஆலைகளையும் நம்பி வளர்ந்தவை. ஒட்டாவுக்கு வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மேற்கு நோர்வேக்காரர்கள். டிஸ்ஸெடாலுக்குக் கிழக்கிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒன்றாக விளையாடி வளர்ந்தபோது ஒட்டாவில் மேற்குச் சாயலிலும் டிஸ்ஸெடாலில் கிழக்குச் சாயலிலும் புதிய வழக்குகள் உருவாயின. வட்டாரம் ஒன்று, வழக்கு இரண்டு. இதை ‘வட்டார வழக்கு’ என்று எப்படிச் சொல்வது? ‘நகர வழக்கு’ என்ற தனிச்சொல் தமிழுக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம், ‘கெபாப்நோர்ஷ்க்’. பல நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்த ஒஸ்லோத் தெருக்களில் 1990கள் முதல் கவனிக்கப்பட்ட பேச்சுக்கு இந்தப் பெயர். “சத்தியமா” என்பதற்கு அரபியிலிருந்து வந்த ‘வல்லா’ அதன் அடையாளச் சொல். வாக்கிய அமைப்பும் இளகியிருக்கிறது: ‘நேற்று போனேன் நான்’ என்பதுதான் நோர்வே மொழியின் வரிசை, இந்தப் பேச்சில் ‘நேற்று நான் போனேன்’ என்றும் வரும். 2005ல் இதற்கு ஓர் அகராதியே வந்தது. பெற்றோர் இருவரும் நோர்வேக்காரராக உள்ள பிள்ளைகள் வாயிலும் இப்போது வல்லா கேட்கிறது. உணவின் பெயரால் ஒரு கூட்டத்தின் பேச்சை அழைப்பதை நான் தமிழுக்குக் கொண்டுவர மாட்டேன். ‘ஒஸ்லோ இளைஞர் வழக்கு’ என்றே எழுதுவேன். பெர்கனின் வழக்கு, டிஸ்ஸெடாலின் வழக்கு என்று எழுதுகிற அதே சொல்லால்.