கோல்ஃப் உடை: காலர் மட்டும் போதாது

என்னிடம் வருகிறவர் கோல்ஃப் ஆடுபவரா என்பதை அவர் கைகளே சொல்லிவிடும். வலது கைப் பழக்கமுள்ளவர் இடது கையில் மட்டும்தான் கையுறை போடுவார். க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தை உருட்டும்போது பலர் அதையும் கழற்றிவிடுவார்கள் என்றாலும், நான்கு மணி நேர ஆட்டத்தின் பெரும்பகுதியில் அந்தக் கை மூடியே இருக்கும். வருடக்கணக்கில் ஆடிய ஒருவரை இரண்டு புறங்கைகளையும் மேசைமேல் அருகருகே வைக்கச் சொல்லிப் பாருங்கள். இடது புறங்கை மணிக்கட்டு வரை பிறந்த நிறத்திலேயே இருக்கும். வலது கை கறுத்து, சொரசொரத்து, புள்ளி விழுந்திருக்கும். ஒரே உடம்பு, ஒரே வெயில். நடுவில் இருந்தது மெல்லிய தோலுறை ஒன்றுதான். தோல் மருத்துவராக, உடை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

நம் ஊர் கோல்ஃப் சங்கங்களின் உடை விதிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலர் வைத்த டி-ஷர்ட் அணிந்து அதைப் பேன்ட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். ஜீன்ஸ், ரவுண்டு நெக் டி-ஷர்ட், செருப்பு கூடாது. அரைக்கால் சட்டை என்றால் முழங்கால் வரை இருக்க வேண்டும். ஷூவில் இரும்பு முள்ளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் முள். இவையெல்லாம் அந்தந்தச் சங்கம் வகுத்துக்கொள்பவை என்பதால் இடத்துக்கு இடம் சிறிது மாறும். விருந்தினராகப் போகிறவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இரும்பு முள்ளைத் தடுத்தது புல்லைக் காப்பதற்காக. மற்றவை மைதானத்தின் மரியாதைக்காக வந்தவை. அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வாசலில் யாரும் தடுக்கவில்லை என்றால் உடுத்தியது சரிதான் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம்தான் அவர்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

காலரையே எடுத்துக்கொள்வோம். பந்தை நோக்கிக் குனிந்து நிற்கும் நேரமெல்லாம் வெயில் விழுவது பிடரியிலும் காதின் மேல் விளிம்பிலும். காலரைத் தூக்கிவிட்டால் பிடரி பாதியாவது மறையும். தோற்றத்துக்காக எல்லோரும் மடித்தே வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பி காதையும் கழுத்தையும் காக்காது. சுற்றிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பியை எந்தச் சங்கமும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மட்டையை வீசும்போது இடைஞ்சல் என்பார்கள். ஆஸ்திரேலிய வீரர் கிரெக் நார்மனின் அடையாளமே அகன்ற விளிம்புத் தொப்பிதான். அதே நாட்டு வீரர் ஆடம் ஸ்காட்டுக்கு 2011இல் முகத்தில் இருந்த தோல் புற்றுநோயை அறுவை செய்து அகற்ற வேண்டியிருந்தது. நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் என்பதால் அந்த ஆபத்து நமக்கு மிகவும் குறைவு. அதை வைத்து வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்று முடிவுகட்டுவது தவறு. கன்னத்தில் மங்கு, நெற்றியில் கருமை, முன்கையில் அரிப்போடு கிளம்பும் வெயில் ஒவ்வாமை ஆகியவை நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். மங்கு ஒருமுறை படிந்தால் மருந்துக்கு அடங்க மாதங்கள் ஆகும். அடங்கினாலும் அடுத்த கோடையில் திரும்பிவிடும்.

துணி விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்தான் கோடைக்கு உகந்தது என்பார்கள். வெப்பத்துக்கு அது சரி, புற ஊதாக் கதிருக்குச் சரியில்லை. துணி எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்பதை யு.பி.எஃப். என்ற அளவால் குறிக்கிறார்கள். 50 என்று போட்டிருந்தால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இந்த அளவு ஏழைத் தாண்டுவது அரிது. வியர்வையில் நனைந்தால் இன்னும் பாதியாகும். சென்னையில் ஓர் ஆட்டத்தின் பதினெட்டு ஹோல்களில் (குழிகளில்) மூன்றாவது முடிவதற்குள் எந்தச் சட்டை நனையாமல் இருக்கிறது? நெருக்கமாக நெய்த, வியர்வையைச் சீக்கிரம் உலரவிடும் பாலியெஸ்டர் கலந்த துணி, நடுத்தர நிறம், தளர்வான அளவு, முடிந்தால் முழுக்கை என்று தேர்ந்தெடுங்கள். இவை எல்லாம் உடை விதிக்குள்ளேயே அடங்கும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காததால் தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். இந்த ஊர்களோ 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. வெயில் தெரியாத இடத்தில்தான் தோல் அதிகம் கருகுகிறது.

அரைக்கால் சட்டை போடுகிறவர்கள், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்கள், ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெக்கையான நாளில் பதினெட்டு ஹோல் நடந்து முடித்தபின் சாக்ஸ் விளிம்புக்கு மேலே, கெண்டைக்கால் பகுதியில் சிவந்த திட்டுகள் தோன்றும். எரியும், சில சமயம் அரிக்கும். சாக்ஸ் மூடிய இடத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. புல்லுக்குத் தெளித்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒவ்வாமை மாத்திரையை வாங்கி விழுங்குவார்கள். உண்மையில் இது வெப்பத்தில் நெடுநேரம் நடப்பதால் சிறு ரத்தநாளங்களில் வரும் அழற்சி. பெரும்பாலும் பத்து நாட்களில் தானாக வடியும். முழங்கால் வரை வரும், காலைச் சற்று இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் சிலருக்கு இதைத் தடுக்கிறது. திட்டுகள் மறையாமல் நீடித்தாலோ, காய்ச்சலோ மூட்டுவலியோ சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

சன்ஸ்கிரீன் தடவினால் பிடி வழுக்குகிறது என்று பலர் தவிர்க்கிறார்கள். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே தடவி, உள்ளங்கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். ஒன்பது ஹோல் முடிந்ததும் மறுபடி தடவுங்கள். ஒரு புறங்கையில் பிதுக்கி மறு புறங்கையால் தேய்த்துக்கொண்டால் உள்ளங்கை நனையாது. பனி ஈரத்தில் நடந்த காலுக்கு மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வராது.

இத்தனையும் ஆடுகிறவர்களுக்கு. அவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரம் நடக்கும் கேடிகளோ, சிலர் ஒரே நாளில் இரண்டு சுற்று போகிறார்கள். என்னிடம் வரும் கேடிகளின் முன்கைகளும் பிடரியும் வயலில் உழைப்பவரின் தோல்போலத் தடித்திருக்கின்றன. பலருக்குச் சீருடை அரைக்கைச் சட்டைதான். அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில், கொளுத்தும் வெயிலில் ஒரு கேடி சுருண்டு விழுந்தார். அதன் பிறகுதான் அங்கே தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் அமைப்பு கேடிகளுக்கு அரைக்கால் சட்டையை அனுமதித்தது. நம் ஊரில் அப்படி யாராவது விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லேசான முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, பிடிமானமுள்ள ஷூ இவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் உறுப்பினர் வாங்கும் ஒரே ஒரு கோல்ஃப் மட்டையின் விலையைத் தாண்டாது. அடுத்த சீருடைக்குத் துணி எடுக்கும்போது சங்கக் குழுவினர் கேடிகளில் நான்கு பேரையாவது உட்காரவைத்துக் கேட்க வேண்டும். முழுக்கை வேண்டும் என்று என்னிடம் சொல்பவர்கள் அங்கே சொல்லத் தயங்குகிறார்கள்.