பெர்ரியில் நகர்ந்த நீலப் புள்ளி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் பெர்ரி (படகு) ஏறியதும் அக்கா மகள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். கடல் நடுவே நீலப் புள்ளி ஜார்ஜ்டவுனை நோக்கி ஊர்ந்தது. "மாமா, நாம தண்ணிக்கு நடுவுல இருக்கோம்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

கடிகாரங்களை வைத்துத்தான். கூடவே ஐன்ஸ்டைனின் சார்பியலும் வேண்டும்: வேகத்தையும் ஈர்ப்பையும் பொறுத்து நேரம் மாறும் என்னும் கோட்பாடு அது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் உண்டு. "இப்போது மணி இது, நான் இங்கே இருக்கிறேன்" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சேதி வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும், புள்ளி விழுந்துவிடும்.

சரி, சார்பியல் எங்கே வருகிறது? அவை நொடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் கண்டார். அதனால் நாளுக்கு 7 மைக்ரோநொடி பிந்தும். பூமியை விட்டு மேலே போகப் போக நேரம் விரையும் என்கிறது 1915-ன் பொதுச் சார்பியல். அதனால் 45 முந்தும். கழித்தால் 38 மிச்சம். நொடியைப் பத்து லட்சமாக நறுக்கி எடுத்த 38 துண்டுகள், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும். திருத்தாவிட்டால் தூரக் கணக்கு நாளுக்கு அவ்வளவு பிசகும். பெர்ரி கடக்கும் தூரமே சுமார் 3 கி.மீ.தான்!

1977-ல் ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடியான என்டிஎஸ்-2 செயற்கைக்கோளை ஏவியபோது, இந்த முந்தலுக்கான திருத்தத்தைப் போடவும் நிறுத்தவும் வசதி வைத்திருந்தார்கள். சுமார் 20 நாள் திருத்தாமலே ஓடவிட்டுப் பார்த்தார்கள். கடிகாரம் ஏறக்குறைய ஐன்ஸ்டைன் கணக்குப்படியே முந்தியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இப்போதெல்லாம் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைத் துளி மந்தமாக்கிவிடுகிறார்கள்.

"ஐன்ஸ்டைனே சொல்லிட்டார், எல்லாம் அவரவர் பார்வை" என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். அது தவறு. யார் அளந்தாலும் ஒளியின் வேகம் மாறாது. அது மாறாமல் இருக்கத்தான் நேரமும் நீளமும் வளைந்துகொடுக்கின்றன. படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த முனையைப் பிடித்துக்கொண்டால் மற்றது கைக்கு வரும்.

"அப்போ பினாங்குக் கொடிமலை உச்சியில இருந்தா சீக்கிரம் வயசாயிடுமா?" என்றாள். ஆகும். ஆனால் 80 வருஷம் அங்கேயே வாழ்ந்தாலும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதிகமாகாது. அளக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். தோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு கடிகாரங்களை வைத்து அளந்திருக்கிறார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. மேலே இருந்தது நாளுக்கு 4.26 நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோநொடி) முந்தியிருந்தது.