ஒளிச் சிப்புத் திட்டங்கள்: கொங்குப் பட்டறைக்கும் மாணவருக்கும் என்ன கிடைக்கும்?

அணு, ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவற்றின் இயல்பைக் கொண்டு கணினியும் கருவிகளும் செய்யும் ஒன்றிய அரசின் ஆய்வுத் திட்டம்தான் தேசிய குவாண்டம் இயக்கம். அதைப் பற்றிச் செய்தியில் படித்துவிட்டு, "நம்ம பட்டறைக்கு இதுல மானியம் ஏதாச்சும் வருமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நேரடியாக வராது. இது தனிநபர் மானியத் திட்டம் அல்ல. வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்காக நமக்குச் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. கோவை வட்டாரத்துக்கான வழி வேறு பக்கம் இருக்கிறது.

முதலில் இயக்கம். ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு ரூ.6,003.65 கோடி, காலம் 2030-31 வரை. ஆய்வு நான்கு மையங்களைச் சுற்றி நடக்கிறது: குவாண்டம் கணினிக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்கு சென்னை ஐஐடி, உணர்கருவிகளுக்கு மும்பை ஐஐடி, பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐஐடி. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 குவிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வரையுள்ள கணினிகளைச் செய்வது ஓர் இலக்கு. அதற்கான வழிகளில் ஒன்றாக ஒளியை, அதாவது போட்டானிக்ஸை, இயக்கமே குறிப்பிடுகிறது.

ஒளித்துகளான போட்டானை ஒவ்வொன்றாக உருவாக்கி, பிரித்து, சேர்த்து, எண்ணுவதுதான் இங்கே வேலை. முன்பெல்லாம் இதற்கு ஒரு பெரிய மேசை நிறைய கண்ணாடிகளும் லென்சுகளும் அடுக்குவார்கள். மேசை லேசாக அதிர்ந்தாலே கணக்கு பிசகும். இப்போது அதே பாதைகளைச் சிலிக்கான் சிப்பின் மேல் செதுக்குகிறார்கள். ஒளி ஓடும் வாய்க்காலின் அகலம் சுமார் அரை மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்னை ஐஐடியில் இத்தகைய சிப்பைக் கொண்டு, முன்கூட்டிக் கணிக்க முடியாத எண்களைத் தரும் கருவியைச் செய்திருக்கிறார்கள். ரகசியச் சாவிகளுக்கு அந்த எண்கள் தேவை.

செதுக்குவது பெரிய ஆலையின் வேலை. அதற்கு அப்புறம் வருவதைத்தான் நம் ஆட்கள் உற்றுப் பார்க்க வேண்டும். சிப்புக்கு ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழையில் ஒளிக்கற்றையின் விட்டம் சுமார் 10 மைக்ரான். அதை அரை மைக்ரான் பாதைக்குள் இறக்க வேண்டும். சிப்பின் ஓரத்தில் இழையை ஒட்டும் முறையில், ஒரு மைக்ரான் நகர்ந்தாலே கணிசமான ஒளி வீணாகிவிடும். சாதாரண இணைய இழையில் குறைந்துபோன ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். குவாண்டத்தில் அது நடக்காது. ஒற்றைப் போட்டானின் நிலையை நகலெடுக்க இயற்பியலே விடுவதில்லை. போனது போனதுதான்.

அதனால் இழையைப் பிடிக்கும் ஜிக், மைக்ரானுக்குக் கீழே நகரும் மேடை, சிப்பு உட்காரும் உலோக உறை எல்லாம் சிப்புக்குச் சமமாக முக்கியம். 100 மி.மீ. அலுமினியக் கட்டை ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மைக்ரான் நீளும். இழை விலக அது போதும். ஒற்றைப் போட்டானை எண்ணும் மிகச் சிறந்த கருவிகளுக்கு மைனஸ் 269 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். அதற்கு வெற்றிட அறையும் வெற்றிடப் பம்பும் வேண்டும். பத்து மைக்ரானுக்காக சிஎன்சியோடு மல்லுக்கட்டும் ஊருக்கு இது அந்நியமான வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அளவுக் கருவிக்கும் வெப்பநிலை மாறாத அறைக்கும் புதிதாகச் செலவு செய்ய வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்துக்கு உதவ வந்தது ஒன்றிய அரசின் செமிகண்டக்டர் திட்டம். 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடியில் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் திருத்தியபோது, சிலிக்கான் போட்டானிக்ஸ் ஆலைக்கும், சிப்புகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைக்கும் மூலதனச் செலவில் 50 சதவீதம் வரை உதவி என்று வைத்தார்கள். ஆனால் குறைந்தபட்ச முதலீடே பல கோடிகளில் தொடங்குகிறது. சிறு பட்டறை அதில் மனுப் போட முடியாது, அந்த ஆலைகளுக்கு உதிரி செய்துதரலாம்.

அந்த இடத்தில்தான் தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட் வருகிறது. ரூ.500 கோடியில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030 என்றார்கள். கோவையை ஒட்டி சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் இயந்திரத் தொழில் பூங்கா என்றும் அறிவித்தார்கள். சிப்பை அல்ல, சிப்பு செய்யும் இயந்திரங்களை உருவாக்கும் இடம் என்பதால், ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் இந்த அறிவிப்பை விடாமல் பின்தொடர வேண்டும்.

கையில் இப்போதே இருக்க வேண்டியது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. இணையத்தில் இலவசம்தான், கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனங்கள் சொத்துப் பிணையம் இல்லாமல் வாங்கும் கடனுக்கான அரசு உத்தரவாத வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.10 கோடி. உத்தரவாதம் வங்கிக்குத்தான். திட்ட அறிக்கையைப் பார்த்து, கடன் தருவதா வேண்டாமா என்று வங்கியே முடிவு செய்யும். அளவுக் கருவி வாங்கப் போகிறவர் எந்த வேலைக்கு, எத்தனை மைக்ரான் துல்லியம் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் பேச்சு சுலபமாகும்.

மாணவர்களுக்கு வழி இன்னும் நேரானது. குவாண்டம் இயக்கத்தோடு சேர்ந்து, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ, பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்குக் குவாண்டம் தொழில்நுட்பத்தில் மைனர் படிப்புக்கான, அதாவது முதன்மைப் பாடத்தோடு கூடுதலாக எடுக்கும் துணைப் படிப்புக்கான, பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறது. குறைந்தது 18 கிரெடிட். இயந்திரவியல் மாணவரும் எடுக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை மாநில அரசே ஏற்கிறது. அதோடு மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 உண்டு.

மைனரை நடத்துவதா இல்லையா என்பது அந்தந்தக் கல்லூரியின் கையில். கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, இந்த ஆண்டு அது உண்டா, ஆய்வக வகுப்பு எங்கே நடக்கும் என்று கேட்டுவிடுங்கள்.