230 வோல்ட் என்பது எந்த மதிப்பு?

இந்தியாவில் வீட்டு பிளக் பாயிண்டில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்கிறோம். ஆனால் அது ஒரு நிலையான அளவன்று. சுழியிலிருந்து ஏறத்தாழ 325 வோல்ட் வரை உயர்ந்து, இறங்கி, எதிர்த்திசையிலும் அதே அளவு சென்று திரும்பும் ஒரு முழுச் சுற்று 20 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. அச்சுற்றின் சராசரியைக் கணக்கிட்டால் விடை சுழிதான்.

அப்படியானால் 230 எங்கிருந்து வந்தது? வெப்பத்திலிருந்து. ஒரு மின்தடையில் கணந்தோறும் உண்டாகும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; மின்னழுத்தம் எத்திசையில் இருந்தாலும் வர்க்கம் நேர்க்குறியுடையதே. எனவே கணந்தோறும் உள்ள மின்னழுத்தத்தை வர்க்கப்படுத்தி, அவ்வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால், அதே தடையை அதே அளவு சூடாக்கும் நேர்திசை மின்னழுத்தம் கிடைக்கிறது. இதுவே ஆர்.எம்.எஸ். மதிப்பு. வீட்டு மின்சாரத்தைப் போலச் சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலைக்கு மட்டும் இது உச்ச மதிப்பை 1.414 ஆல் வகுப்பதற்குச் சமம்.

சிக்கல் இந்த 'மட்டும்' என்பதில் இருக்கிறது. மலிவான மல்டிமீட்டர்கள் வர்க்கப்படுத்துவதே இல்லை. அலையின் எதிர்ப்பாதியை நேராக்கி, சராசரி கண்டு, சைன் அலைக்குரிய 1.11 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டிவிடுகின்றன. கண்டிப்பாகச் சொன்னால் இது அளவீடு அன்று, ஊகம். டிம்மர் ஒன்று ஒவ்வொரு அரைச் சுற்றிலும் முற்பாதியை வெட்டிவிட்டு, எஞ்சியதை மட்டும் குண்டு பல்புக்கு அனுப்புகிறது என்று கொள்வோம். பல்புக்குக் கிடைப்பது சுமார் 163 வோல்ட். அத்தகைய மீட்டரோ 115 என்று காட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்து, 230 வோல்ட் 255 ஆகத் தெரியும். (பழைய மின்பலகைகளில் காணப்படும் நகர் இரும்பு மீட்டரில் முள்ளை நகர்த்தும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தையே சார்ந்திருப்பதால், அதற்கு இத்தகைய ஊகம் தேவைப்படவில்லை.)

'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' மீட்டர்கள் வர்க்கம், சராசரி, வர்க்கமூலம் ஆகிய மூன்றையும் உள்ளிருக்கும் சில்லு மூலம் உண்மையாகவே கணக்கிடுகின்றன. அவற்றுக்கும் எல்லை உண்டு. கணினி போன்றவற்றின் எளிய மின்வழங்கிகளில் உள்ள மின்தேக்கி, அலையின் உச்சத்தை ஒட்டிய சிறிது நேரம் மட்டுமே மின்னோட்டத்தை இழுப்பதால், அம்மின்னோட்டம் ஒடுங்கிய, உயரமான துடிப்புகளாக அமைகிறது. உச்சத்துக்கும் ஆர்.எம்.எஸ். மதிப்புக்கும் உள்ள விகிதம் மீட்டரின் கையேட்டில் குறித்துள்ள வரம்பை மீறினால், அதன் வாசிப்பும் பிழைபடும். அவ்விகிதத்தை அறிய அலையின் வடிவத்தையே வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் உதவும்.