ஒரு பாட்டில் தண்ணீர்தானே, டாக்டர்?

இரவு ஒன்பதரை மணிக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டரை மாதப் பெண் குழந்தை. இடது கையும் காலும் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தன, கண்கள் ஒரு பக்கமாகச் சொருகியிருந்தன. காலையில் குடும்பமாகக் கிளம்பிப் பகல் முழுக்க வெளியில் சுற்றியிருக்கிறார்கள். திரும்பும் வழியில், காரில் இது ஆரம்பித்திருக்கிறது. "வெயில் தாக்கிவிட்டது டாக்டர்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் தாக்கியிருந்தால் உடம்பு கொதிக்க வேண்டும். இந்தக் குழந்தையின் வெப்பநிலை 35.6 டிகிரி. தொட்டால் சில்லென்றிருந்தது.

ஆறு மாதம் நிறையாத குழந்தை, காய்ச்சல் இல்லை, உடம்பு குளிர்ந்திருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் எங்கள் வாயில் முதலில் வரும் கேள்வி ஒன்று உண்டு. கேட்டேன்: "தண்ணீர் கொடுத்தீர்களா?"

"கொடுக்காமல் இருப்போமா?" என்றார் பாட்டி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். 120 மில்லி பாட்டில். நாலு தடவை நிரப்பியிருக்கிறார்கள். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 119 வந்தது. இருக்க வேண்டியது 135இலிருந்து 145 வரை.

இந்தக் கோடையில் எனக்கு இது மூன்றாவது குழந்தை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

குழந்தை பிழைத்துக்கொண்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வலிப்பு வழக்கமான வலிப்பு மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாது. 3 சதவீத உப்புக் கரைசலைக் கணக்காக ஏற்றிச் சோடியத்தைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் நிற்கும். அவ்வளவு சின்ன கையில், வெட்டிக்கொண்டிருக்கும்போது நரம்பு கிடைப்பது எவ்வளவு பாடு என்று எங்கள் செவிலியரைக் கேட்டால் சொல்வார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். எல்லாக் குழந்தைக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

"ஒரு பாட்டில் தண்ணீர்தானே டாக்டர், அதில் என்ன வந்துவிடப் போகிறது?" இதைக் கேட்காத வாரமே இல்லை. நமக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறோம், அதனால் குழந்தைக்கும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது தப்பு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். குழந்தைக்குத் தாகம் எடுத்தால் அது கேட்பது பால். வெயில் அதிகமானால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். குடிக்க விடுங்கள், அது போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் வெயில் காலத்துக்கென்று விதிவிலக்கு எதுவும் இல்லை. மருத்துவர் சொல்லிக் கொடுக்கும் மருந்தும், வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். கரைசலும் வேறு கதை. அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெரியவர்கள் உடம்பு அதிகப்படி தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளிவிடும். பச்சைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்த வேகம் கிடையாது. தண்ணீர் உள்ளேயே தேங்கி ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகிறது, மூளை வீங்குகிறது. ஐந்து கிலோ குழந்தைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது ஐம்பது கிலோ ஆள் ஒரே பகலில் ஐந்து லிட்டர் குடிப்பதற்குச் சமம். அதுவும் அந்த ஆளின் சிறுநீரகம் இல்லாமல். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரா, சுத்திகரித்த தண்ணீரா, சர்க்கரை போட்டதா என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. பிரச்சினை கிருமி இல்லை, அளவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு "வெயிலுக்கு இதமாக இருக்கட்டும்" என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவதும் இதே தவறுதான். டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு.

சரி, இவர்கள் ஏன் தண்ணீர் கொடுத்தார்கள்? பாட்டியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மறுநாள் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து அன்றைய பகலை மணிக்கணக்காகக் கேட்டேன். காலை ஆறரைக்கு ஒரு முறை பால் கொடுத்திருக்கிறார். அடுத்தது பதினொன்றுக்கு, காரில், பாதியில் நிறுத்தி. அதற்கப்புறம் மாலை நாலு மணி. பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து. ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து பால் கொடுக்க இடம் தேடினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தை அழுதபோதெல்லாம் யாரோ ஒருவர் பாட்டிலை வாயில் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். வயிறு நிறைந்ததால் குழந்தை அடங்கியது. அடங்கியதைப் பார்த்து, தாகம்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். "நான் இடையில் நிறுத்தச் சொல்லியிருக்கலாம் டாக்டர், எல்லோருடைய நாளும் கெட்டுவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார் அந்த அம்மா.

ஆக, தண்ணீர் கடைசியில் வந்தது. அன்றைக்குப் போட்ட திட்டத்திலேயே கோளாறு இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "இதற்குத்தான் கைக்குழந்தையோடு எங்கேயும் போகாதே என்றோம்" என்று யாராவது கிளம்பினால் அவர்கள்மேலும் எனக்குக் கோபம் வரும். போகலாம். பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்கில் நாலு சுவருக்குள் இருக்கும் அம்மாவுக்கு வெளிக்காற்று தேவை. நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்குப் பக்கத்துப் பூங்காவில் அரை மணி நேரம் மர நிழலில் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. குறைமாதக் குழந்தை, மூச்சிலோ இதயத்திலோ பிரச்சினை உள்ள குழந்தை என்றால் மட்டும் எங்களைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விமானம், உயரமான மலை இரண்டும் அதில் சேர்த்தி.

திட்டம் போடும்போது ஊரின் வரைபடத்தை அப்புறம் பாருங்கள், முதலில் பால் குடிக்கும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டு மாதக் குழந்தை பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குடிக்கும். ஒரு முறை குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அப்படியானால் இடையில் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் அடங்குவதுதான் ஒரு இடம். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும், மிஞ்சினால் இரண்டு. கூட வருபவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், பாதி வழியில் சொன்னால் சண்டைதான் வரும்.

ஈரத்துணியையும் எண்ணுங்கள். முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நனைக்க வேண்டும். குறைந்தால் பால் போதவில்லை, திட்டத்தை மாற்றுங்கள். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைக் கொண்டு போனால் பனிக்கட்டிப் பொதிகள் வைத்த குளிர்பையில் 24 மணி நேரம் தாங்கும், வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான், வெக்கையில் அதுவும் குறையும். கலக்கிய புட்டிப்பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்று மிச்சத்தை ஊட்டாதீர்கள்.

தள்ளுவண்டியின்மேல் துணி போர்த்தும் பழக்கம் இன்னொன்று. வெயில் படக்கூடாது என்று போர்த்துகிறீர்கள், உள்ளே அடுப்பாகிறது. மெல்லிய துணியும் துணிதான். வண்டியோடு வரும் கூரையை இழுத்து விடுங்கள், நிழலில் நடங்கள். உள்ளங்கை சில்லென்றிருக்கிறதே என்று இன்னொரு சட்டையைப் போடாதீர்கள், பச்சைக்குழந்தையின் கை அப்படித்தான் இருக்கும். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்.

கார் என்றால், மடி இருக்கையே கிடையாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும் வண்டியில் ஐந்து கிலோ குழந்தை உங்கள் கையை நூறு கிலோ விசையோடு இழுக்கும். நீங்கள் பயில்வானாக இருந்தாலும் பிடிக்க முடியாது. பின் சீட்டில், பின்பக்கம் பார்த்துப் பொருத்திய குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் இன்னும் சீக்கிரமாகவே வெளியே எடுத்து மல்லாத்திக் கிடத்துங்கள். தூங்குகிறதே, எழுப்ப வேண்டாம் என்று இருக்கையோடு தூக்கிப் போய் அறையில் வைக்காதீர்கள். முகவாய் நெஞ்சில் சரிந்தால் மூச்சுக்குழல் அடைபடும். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் தூக்குப்பைக்கும் இதே விதி: எந்நேரமும் முகம் தெரிய வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிட எட்ட வேண்டும். பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

கொசு விரட்டும் மருந்து இரண்டு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம், வலை போதும். வெயில் கிரீமும் ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் வந்தால் மீதிப் பயணத்தை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கிளம்புங்கள். தண்ணீர் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவதற்கு எங்களுக்கு அப்போது நேரம் இருக்காது.

வீட்டுக்குப் போகும் அன்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த மாதம் ஏற்கெனவே முடிவான பயணம் ஒன்று இருக்கிறதாம், ரத்து செய்துவிடவா என்று. "என்ன திட்டம், காட்டுங்கள்" என்றேன். கைப்பேசியை நீட்டினார். முதல் நாளுக்கு மட்டும் நாலு இடம் இருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பாட்டி எட்டிப் பார்த்து, "இதையும் இதையும் அடி" என்றார்.